வயதுப் புள்ளிகளுக்கு வைட்டமின் ஈ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறங்கையிலோ கன்னத்திலோ பழுப்பாக ஒரு புள்ளி விழுந்ததும் பலர் முதலில் தேடுவது வைட்டமின் ஈ மாத்திரையைத்தான். என் அம்மாவும் அதைத்தான் செய்தார். அவருக்காக நான் படித்ததையும், தோல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்ததையும் கேள்வி பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன்.

வயதுப் புள்ளி என்று எதைச் சொல்கிறோம்?

தட்டையாக, தோலோடு தோலாக, பழுப்பு அல்லது கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும் திட்டு. எள் அளவிலும் இருக்கும், கட்டைவிரல் நகம் அளவுக்கும் வளரும். விரலால் தடவினால் மேடு தட்டாது. அரிக்காது, வலிக்காது. முகம், புறங்கை, முன்கை, தோள், மேல் முதுகு என்று வெயில் படும் இடங்களில்தான் வரும். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் தெரிய ஆரம்பிக்கும். வெயிலில் அதிகம் இருந்தவர்களுக்கு அதற்கு முன்பே வருவதும் உண்டு.

பெயரில் ‘வயது’ இருந்தாலும் காரணம் வெயில். தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்யும் செல்கள், பல வருட வெயிலில் அடிபட்டு, சில இடங்களில் மட்டும் நிறமியைக் கூடுதலாகச் செய்து அங்கேயே தேக்கிவிடுகின்றன. நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் கையையே பாருங்கள். என் அம்மா முப்பது வருடத்துக்கும் மேலாக இடது கையில் ஒரே மாதிரி பட்டை வைத்த கைக்கடிகாரம் கட்டியவர். ஒரு நாள் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை நீட்டச் சொன்னேன். பட்டை இருந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அதற்கு அரை அங்குலம் தள்ளி ஏழெட்டுப் புள்ளிகள். கையைத் திருப்பினால் உள்பக்கத் தோல் இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. அவ்வளவு தோலுக்கும் ஒரே வயதுதான்!

கல்லீரல் கெட்டுப்போனால்தான் இந்தப் புள்ளி வரும் என்கிறார்களே?

இல்லை. ஆங்கிலத்தில் இதற்குக் ‘கல்லீரல் புள்ளி’ என்ற பொருளில் ஒரு பழைய பெயர் உண்டு. அதிலிருந்து பரவிய நம்பிக்கை இது. இந்தப் புள்ளியை மட்டும் பார்த்துக் கல்லீரலுக்கு மருந்து சாப்பிட வேண்டிய அவசியம் கிடையாது.

வைட்டமின் ஈ எப்படி இந்தப் புள்ளிக்கு மருந்து என்று பெயர் வாங்கியது?

வைட்டமின் ஈயை 1922-இல் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அது இல்லாத உணவைத் தின்ற எலிகளுக்குக் கரு தங்கவில்லை என்பதுதான் அவர்கள் முதலில் கண்டது. அதனால்தான் பிள்ளைப்பேறு என்ற பொருள்பட டோக்கோஃபெரால் என்று பின்னாளில் பெயர் வந்தது. இயற்கையில் அது எட்டு வடிவங்களில் இருக்கிறது. அதில் ஆல்ஃபா டோக்கோஃபெராலைத்தான் நம் உடம்பு பொறுக்கியெடுத்து வைத்துக்கொள்கிறது. அதன் முக்கிய வேலை, செல்களின் கொழுப்புச் சவ்வு ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போகாமல் காப்பது. எண்ணெய் நாள்பட்டுச் சிக்கு வாடை அடிப்பது போன்ற ஒரு கெடுதல்தான் அந்தச் சவ்விலும் நடக்கும். அதைத் தடுக்கும் காவல்காரன் வைட்டமின் ஈ.

இங்கேதான் ஒரு குழப்பம் புகுந்தது. வயதாக ஆக, இதயம், நரம்பு, கல்லீரல் செல்களுக்குள் லிப்போஃபஸ்சின் என்ற மஞ்சள் பழுப்புக் கசடு சேரும். இதற்கும் ‘வயது நிறமி’ என்றுதான் பெயர். வைட்டமின் ஈ குறைவாகக் கொடுக்கப்பட்ட விலங்குகளில் இந்தக் கசடு கூடுதலாகச் சேர்ந்தது. அதைப் படித்தவர்கள், உள்ளே இருக்கும் வயது நிறமியும் வெளியே தெரியும் வயதுப் புள்ளியும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். வெளியே தெரிவது மெலனின், உள்ளே சேர்வது வேறு பொருள். பெயர் ஒத்துப்போனதில் ஒன்றின் மருந்து இன்னொன்றின் தலையில் ஏறிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, நேரடியாகச் சொல்லுங்கள். வைட்டமின் ஈ தடவினால் புள்ளி மறையுமா?

ஏற்கெனவே விழுந்த புள்ளி, வைட்டமின் ஈ எண்ணெயை மட்டும் தடவுவதால் மறையும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிக் குடுவையில் வளர்த்த செல்களில், மெலனின் உற்பத்தியை அது ஓரளவு குறைத்துக் காட்டியிருக்கிறது. உயிருள்ள தோலில், வருடக்கணக்காக நிலைத்துவிட்ட புள்ளியில், அதே வேலை நடப்பதில்லை.

அம்மா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: வலது கையில் மட்டும் தடவுவது, இடது கையை அப்படியே விடுவது. தினமும் இரவு ஒரு மாத்திரையின் நுனியை ஊசியால் குத்தி, தேன் மாதிரி கெட்டியாக வரும் அந்த எண்ணெயைப் புறங்கையில் தேய்த்துக்கொள்வார். முதல் நாளே படம் எடுத்து வைத்திருந்தேன். ஜன்னலோரம், காலை ஒன்பது மணி, அதே மேசை. மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னொரு படம் எடுத்தேன். வலது கை தொட்டால் நல்ல மென்மையாக இருந்தது, வெடிப்பு இல்லை. புள்ளிகள்? பெரிய புள்ளியின் ஓரம், அதன் பக்கத்தில் இருந்த இரண்டு சின்னப் புள்ளிகள் எல்லாம் நிறம் மாறாமல் அப்படியே இருந்தன. தலையணை உறையில்தான் துவைத்தும் போகாத எண்ணெய்க் கறை. ஒருவர் கையில் பார்த்தது ஆராய்ச்சி ஆகாது, எனக்குத் தெரியும். ஆனால் ஆராய்ச்சிகள் சொல்வதும் இதற்கு மாறாக இல்லை.

எனக்குத் தெரிந்தவருக்கு மறைந்ததே?

பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று காரணங்கள் இருக்கலாம். எண்ணெய் பூசிய தோலில் வறட்சி போய் வெளிச்சம் சீராக விழும். அதனால் புள்ளி பளிச்சென்று தெரியாது, கழுவிக் காயவிட்டால் திரும்பத் தெரியும். இரண்டாவது, அவருக்கு இருந்தது வயதுப் புள்ளியாகவே இல்லாமல் இருக்கலாம். பருவோ கொசுக்கடியோ சிறு காயமோ ஆறிய பிறகு தங்கும் கருந்தழும்பு, எதையும் தடவாவிட்டாலும் சில மாதங்களில் தானாக மங்கும். நாம் அந்த நேரத்தில் எதைத் தடவிக்கொண்டிருந்தோமோ அதற்கு நல்ல பெயர் போய்ச் சேரும். மூன்றாவது, புள்ளியைக் கவனிக்க ஆரம்பித்தவர்கள் வெயிலுக்கும் ஒதுங்க ஆரம்பிப்பார்கள். அந்தப் பலனும் எண்ணெயின் கணக்கில்தான் ஏறும்.

மாத்திரையை உடைத்து முகத்தில் தடவலாமா? கெடுதல் ஒன்றும் இல்லையே?

கெடுதலே இல்லை என்று சொல்ல முடியாது. பல மாத்திரைகளில் இருப்பது டோக்கோஃபெரில் அசிடேட். நாள்பட வைத்தாலும் கெடாமல் இருக்க அப்படி மாற்றியிருப்பார்கள். குடலில் அது எளிதில் உடைந்து வைட்டமினாகிவிடும். தோலில் அந்த மாற்றம் மெதுவாக, கொஞ்சமாகத்தான் நடக்கும். அதாவது சாப்பிடுவதற்காகச் செய்ததைத் தடவிக்கொள்கிறோம். எண்ணெய்ப் பசைத் தோல் உள்ளவர்களுக்கு அந்தக் கெட்டி எண்ணெய் துளைகளை அடைத்துப் பருவைக் கிளப்பும்.

அதைவிட முக்கியம் ஒவ்வாமை. 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறுவைத் தழும்பு இருந்த 15 பேருக்குத் தழும்பின் ஒரு பாதியில் வைட்டமின் ஈ கலந்த களிம்பையும் மறுபாதியில் வெறும் களிம்பையும் தடவச் சொன்னார்கள். மூன்றில் ஒருவருக்கு வைட்டமின் ஈ பக்கம் ஒவ்வாமையால் தோல் சிவந்து அரித்தது. பெரும்பாலோருக்குத் தழும்பில் முன்னேற்றமே இல்லை, சிலருக்கு மோசமானது. 1992-இல் சுவிட்சர்லாந்தில் வைட்டமின் ஈயின் இன்னொரு வடிவம் சேர்த்த அழகுப் பொருட்களால் 900-க்கும் மேற்பட்டோருக்குத் தோலில் பொரிப்பொரியாகக் கிளம்பியது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் மாதிரி மாநிறத்திலும் கறுப்பிலும் இருக்கும் தோல் ஒரு முறை அழன்று சிவந்தால், ஆறும்போது அந்த இடம் கறுத்துவிடும். புள்ளியைப் போக்கப் போய்ப் புதுப் புள்ளியை வாங்கிக்கொண்ட கதையாகிவிடும்.

தடவித்தான் பார்ப்பேன் என்றால், முதலில் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு நாணய அளவு இடத்தில், ஒரு நாளைக்கு இரண்டு முறை வீதம், ஒரு வாரம் முழுக்கத் தடவிப் பாருங்கள். ஒரே நாள் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று முகத்துக்குப் போகாதீர்கள். இந்த வகை ஒவ்வாமை பல நாள் கழித்துத்தான் தலை காட்டும்.

எலுமிச்சைச் சாறு கலந்து தடவினால் வேகமாகப் போகும் என்கிறார்களே?

தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சை வகைப் பழங்களில் இருக்கும் சில பொருட்கள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், தீப்பட்டது போலக் கொப்பளிக்கும். அது ஆறிய பிறகு வரும் கருமை மாதக்கணக்கில் நிற்கும்.

தடவுவதற்குப் பதில் மாத்திரையைச் சாப்பிட்டால்?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 15 மில்லிகிராம். சூரியகாந்தி விதை, பாதாம், வேர்க்கடலை, தாவர எண்ணெய், கீரை இவற்றிலிருந்தே அதைப் பெறலாம். கடையில் கிடைக்கும் 400 யூனிட் மாத்திரை ஒன்றில், செயற்கை வகை என்றால் 180 மில்லிகிராமும், இயற்கை வகை என்றால் 268 மில்லிகிராமும் இருக்கும். அதாவது தேவையைப் போலப் பன்னிரண்டு முதல் கிட்டத்தட்டப் பதினெட்டு மடங்கு வரை. அது கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால், மிஞ்சியது வைட்டமின் சி போல உடனே சிறுநீரில் போய்விடாது.

அதிக அளவில் எடுத்தால் இரத்தம் உறையும் தன்மை குறையும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்தோ தினசரி ஆஸ்பிரினோ எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆண்களுக்கு இன்னொரு செய்தி: 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், தினமும் 400 யூனிட் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 2011-இல் தெரியவந்தது. ஒரு புள்ளிக்காக இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டுமா?

அப்படியானால் வைட்டமின் ஈயால் தோலுக்குப் பயனே இல்லையா?

நிச்சயம் இருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெயோடு வைட்டமின் ஈயும் மேலே வந்து ஒரு காவல் படலம் போலப் படிகிறது. வெயில் பட்டதும் முதலில் செலவாகித் தீர்வதில் அதுவும் ஒன்று. அப்படிச் செலவானதைத் திரும்பப் புதுப்பித்துத் தருவது வைட்டமின் சி. அதனால் இரண்டும் சேர்ந்திருக்கும் சீரத்துக்கு, அதாவது முகத்தில் பூசும் நீர்மமான கரைசலுக்கு, மதிப்பு உண்டு. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், 15 சதவீதம் வைட்டமின் சியும் 1 சதவீதம் வைட்டமின் ஈயும் சேர்ந்த கரைசல், பன்றித் தோலில் வெயில் பாதிப்புக்கு எதிராக நான்கு மடங்கு பாதுகாப்புக் கொடுத்தது. அதோடு அரை சதவீதம் ஃபெரூலிக் அமிலம் சேர்த்தபோது எட்டு மடங்கானது.

கவனியுங்கள், இதெல்லாம் வெயிலின் அடியைக் குறைப்பது பற்றியது. இனி வரவிருக்கும் புள்ளியைத் தள்ளிப்போட உதவலாம். வந்த புள்ளியை அழிப்பது வேறு வேலை. அந்தச் சீரம் வாங்கினால் காலையில் போட்டு, அதன் மேல் சன்ஸ்கிரீன் போடுங்கள். நிறம் கரும்பழுப்பாக மாறிவிட்டால் அதில் உள்ள வைட்டமின் சி கெட்டுவிட்டது என்று பொருள்.

பிறகு எதுதான் வேலை செய்யும்?

முதலில் சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் என்ற வெயில் பாதுகாப்பு எண் 30 அல்லது அதற்கு மேல், யுவிஏ என்ற புற ஊதாக் கதிரையும் தடுப்பதாக. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கி எடுங்கள், புறங்கையை மறக்காதீர்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். கார் ஓட்டுபவர்கள், ஜன்னலோரம் வேலை செய்பவர்கள் உள்ளேதானே இருக்கிறோம் என்று விட வேண்டாம், சாதாரணக் கண்ணாடி வழியாக யுவிஏ வந்துவிடும்.

இதற்கு அருமையான சான்று ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து 2013-இல் வந்தது. 55 வயதுக்குட்பட்ட 900 பேரை நாலரை வருடம் கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களின் தோல், இஷ்டப்பட்டபோது மட்டும் போட்டவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாகவே முதுமை அடைந்திருந்தது. அதே ஆய்வில் சிலருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஈ போல அதுவும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதுதான். அந்த மாத்திரையால் தோலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

வந்த புள்ளியை மங்கச் செய்ய, மருத்துவர் சீட்டில் கிடைக்கும் டிரெட்டினாயின் கிரீமுக்கு நல்ல ஆதாரம் உண்டு. 1992-இல் வந்த ஆய்வில் பத்து மாதம் 0.1 சதவீத டிரெட்டினாயின் தடவியவர்களில் 83 சதவீதம் பேருக்கு முகத்துப் புள்ளிகள் மங்கின. மருந்தில்லாத கிரீம் தடவியவர்களில் 29 சதவீதம் பேருக்கும் மங்கியது. அந்த 29-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: மருந்தே இல்லாமல் பத்தில் மூன்று பேருக்குப் பலன் தெரிந்திருக்கிறது! வைட்டமின் ஈக்குச் சொல்லப்படும் வெற்றிக் கதைகளில் பாதி இங்கேயே முடிந்துவிடும். டிரெட்டினாயின் ஆரம்பத்தில் தோலை உரித்து எரிச்சல் தரும். அதனால் மருத்துவர்கள் குறைந்த அளவில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்கச் சொல்வார்கள். கர்ப்பிணிகள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். நிறமி உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் கிரீமும் பயன்படும், ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். வருடக்கணக்கில் தடவினால் நீலம் பாய்ந்த கருமை வந்து நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

கிளினிக்கில் செய்வது இரண்டு. ஒன்று, திரவ நைட்ரஜனால் உறையவைப்பது. நிறமி செய்யும் செல்கள் மற்றத் தோல் செல்களைவிடக் குளிரைத் தாங்காதவை என்பதுதான் இதன் சூட்சுமம். மற்றது லேசர். இரண்டும் வேகமாகப் பலன் தரும், ஆனால் கருந்தோலில் அந்த இடம் வெளுத்துப்போகவோ இன்னும் கறுக்கவோ வாய்ப்பு அதிகம். நம் நிறத் தோலுக்குச் செய்து பழகியவரா என்று கேட்டு, முதலில் ஒரே ஒரு புள்ளியில் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

மேல்தோல் புதுப்பிக்க இளம் வயதில் சுமார் நான்கு வாரம் ஆகும், வயதானால் இன்னும் கூடும். அதனால் எந்த கிரீமாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு முன் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஏழு நாளில் வெளுக்கும் என்று விற்கும் கிரீமைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு முகத்தோலை மெலியவைக்கும், பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எந்தப் புள்ளியைக் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும்?

என்னைக் கேட்டால், எதையாவது தடவுவதற்கு முன் ஒரு முறை எல்லோருமே காட்டிவிடலாம். பழுப்பாக இருப்பதெல்லாம் வயதுப் புள்ளி ஆகாது. இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி பட்டையாகப் படர்ந்தால் அது மங்கு. வெயிலோடு ஹார்மோனுக்கும் அதில் பங்கு உண்டு, வைத்தியமும் வேறு. மெழுகை ஒட்டவைத்த மாதிரி மேடாக, சொரசொரப்பாக இருந்தால் அது வயதானவர்களுக்கு வரும் தீங்கற்ற ஒரு வளர்ச்சி. எந்த எண்ணெய்க்கும் அது அசையாது. கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலக் கறுத்துத் தடித்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். அங்கே தேவை இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை.

தள்ளிப்போடக் கூடாதவையும் உண்டு. ஒரு பாதி மறுபாதி போல இல்லாத புள்ளி, ஓரம் பிசிறடித்த புள்ளி, ஒரே புள்ளிக்குள் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று பல நிறம், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் உள்ள அளவு, சில மாதங்களாகப் பெரிதாகிக்கொண்டோ மாறிக்கொண்டோ இருப்பது, அரிப்பு, இரத்தக் கசிவு. தோல் புற்றுநோயில் ஒரு வகை, முகத்தில் வயதுப் புள்ளி மாதிரியே வேடம் போட்டு வருடக்கணக்கில் மெதுவாகப் பரவும். நம்மவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களையும் பார்க்க வேண்டும். அங்கே வெயில் படுவதில்லை, அதனால் அங்கே புதிதாக வரும் கரும்புள்ளியை வயதுப் புள்ளி என்று விட்டுவிடவே கூடாது. இப்படிப்பட்ட ஒன்றின் மேல் மாதக்கணக்கில் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருப்பதுதான் இந்த வீட்டு வைத்தியத்தில் எனக்குள்ள பெரிய பயம்.

வாங்கி வைத்த மாத்திரைகளை என்ன செய்வது?

ஒவ்வாமை இல்லை என்று பார்த்துவிட்டீர்கள் என்றால், வறண்ட குதிகாலுக்கும் நகத்தைச் சுற்றி உரியும் தோலுக்கும் இரவில் தடவுங்கள், மென்மையாகும். அம்மா மீதி அட்டையை அப்படித்தான் தீர்த்தார். இப்போது வெளியில் கிளம்பும்போது செருப்பைப் போடுவதற்கு முன் புறங்கை இரண்டிலும் சன்ஸ்கிரீன் தேய்த்துக்கொள்கிறார். ஒரு வருடம் ஆகிறது. பழைய புள்ளிகள் இருக்கின்றன, புதிதாக ஒன்றும் வரவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் அந்த ஒரே இடத்தில்தான் கட்டுகிறார்.